இரண்டு இயந்திரங்கள் ஓடும் அறை

மார்ச் 3, செவ்வாய்

கணினி இன்றும் பாதியில் நின்றது. மாதிரி எடுக்காமலேயே குடிநீர்ப் பரிசோதனை முடிவுகளை எழுதி அனுப்பிய நிறுவனத்தைப் பற்றிய பகுதியில் இருந்தேன். திரை கறுத்தது. முன்னறிவிப்பு இல்லை. உள்ளே விசிறி சுற்றி ஓய்கிற இரைச்சல் மட்டும். பொத்தானை அழுத்தினால் தனக்கு எதுவுமே தெரியாது என்கிற முகத்தோடு எழுந்துகொள்கிறது. போன வாரத்திலிருந்து இப்படித்தான்.

கட்டிலில் இருந்து இவர், “என்ன ரிப்போர்ட்டரம்மா, உன் ஆளு மறுபடி படுத்துட்டானா?” என்றார். மூக்கில் குழாயோடு சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரித்தார். இருமினார்.

ஆகஸ்டில் ஆக்சிஜன் இயந்திரம் வீட்டுக்கு வந்தபோது என் மேசையையும் இந்த அறைக்கே கொண்டுவந்தோம். அவர் கட்டில் ஜன்னலோரம். இயந்திரம் கால்மாட்டில். என் மேசை எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் நடுவில் இரும்பு பீரோ. அதன் பின்னால்தான் எல்லா வயர்களும் போகின்றன. இயந்திரம் நாள் முழுக்க மூச்சு விடுகிறது. புஸ் என்று ஒரு சத்தம், அப்புறம் டக் என்று ஒன்று. அச்சுக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் இயந்திரம் பார்த்தவருக்கு நுரையீரல் தழும்பேறிவிட்டது. விரலில் மாட்டும் கருவி தொண்ணூறுக்கு மேல் காட்ட வேண்டும், எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

இன்று தொண்ணூற்று மூன்று. இந்த எண்ணை எழுதாமல் என்னால் நாளை முடிக்க முடிவதில்லை.

மார்ச் 4, புதன்

முழு நாளும் பேட்டிப் பதிவுகளைக் கேட்டு எழுதினேன். காதில் ஹெட்ஃபோன், முதுகு அவர் பக்கம். அந்த நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கு மெல்லிய குரல். ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை.

இவருக்குத்தான் சோர்வு. சாப்பிட எழுப்பினால் “வச்சிட்டுப் போ” என்கிறார். எண்பத்தொன்பது.

மார்ச் 5, வியாழன்

காலையில் ஒரு தொலைபேசி. தெரியாத எண், மரியாதையான ஆண் குரல். அந்தத் தண்ணீர்ப் பரிசோதனை நிறுவனத்தில் நிர்வாகம் பார்ப்பதாகச் சொன்னார். கட்டுரை எப்போது வரும் என்று கேட்டார். உங்கள் விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள், அப்படியே சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தபோது,

“வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு? மெஷின் நல்லா ஓடுதா? பார்த்துக்கங்கம்மா” என்றார். வைத்துவிட்டார்.

மெஷின் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அலுவலகத்தில் நாலைந்து பேருக்குத் தெரியும். இந்தத் தெருவுக்குத் தெரியும். ஆனால் அவருக்கு?

இந்த வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். கத்துகிறவர்களிடம் எனக்குப் பயம் வந்ததில்லை. கத்தினதோடு அவர்கள் காரியம் முடிந்துவிடும். நலம் விசாரிக்கிற குரலின் காரியம் எதில் முடியும் என்று தெரியாது.

கட்டுரையைத் தொடர்ந்து தட்டினேன். மதியத்துக்குள் கணினி நின்றது.

இவரிடம் எதுவும் சொல்லவில்லை. தொண்ணூற்று மூன்று.

மார்ச் 6, வெள்ளி

கணினி பழுது பார்ப்பவர் வந்தார். கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘டாக்டர்’. மூடியைக் கழற்றுமுன் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு. தூசியை ஊதினார். விசிறியை விரலால் சுற்றினார். நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு திரையில் எதையோ திறந்து காட்டினார்.

“பாருங்கம்மா, எதிர்பாராம நின்னு போச்சுன்னு அதுவே எழுதி வச்சிருக்கு.”

“எதனாலன்னு?”

“அதை எழுதல.”

பயிற்சி நிருபர் யாராவது இப்படி எழுதிக்கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நாத்தனார் வாசலில் சாய்ந்துகொண்டு, “உங்க கம்ப்யூட்டருக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரே வியாதிதான் அண்ணி. ரெண்டும் நடுநடுவுல மூச்சை நிறுத்தி நம்மள பயமுறுத்துது” என்றாள். இவர் கட்டிலோரம் இருந்த கைத்தடியை எடுத்து அடிப்பதுபோல் ஓங்கினார்.

டாக்டரை வெளியே அழைத்துக் கேட்டேன். வெளியாள் யாராவது கணினிக்குள் புகுந்து இப்படி அணைக்க முடியுமா?

“முடியும்னா முடியும்மா. ஆனா உள்ள புகுந்தவன் முறைப்படிதான் அணைப்பான். இது ஒயரைப் புடுங்கின மாதிரில்ல நிக்குது.”

அவர் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டுமே எனக்குள் நின்றது. பவர் சப்ளையை மாற்றிப் பார்ப்பதாகப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனார்.

மார்ச் 9, திங்கள்

கணினி இல்லாத நாட்களில் இவர் தெளிவாக இருந்தார். தொண்ணூற்று நான்குகூட வந்தது. தலைப்புச் செய்திகளை உரக்கப் படித்து, எழுத்துக்கள் பூசி அச்சாகியிருப்பதற்காக இப்போதைய அச்சுக்கூடத்து ஆட்களைத் திட்டினார். திட்டுகிறார் என்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாலை கணினி டாக்டர் பெட்டியோடு வந்தார். “என் கடையில சமத்தா இருக்கான்மா. பாட்டைப் போட்டு விட்டேன், ராத்திரி பகல்னு பார்க்காம பாடினான். உங்க வீட்டுக்கு வந்தாதான் அடம். கரண்டை ஒரு தடவை பார்த்துடுங்க.”

இங்கே மின்சாரம் போவதே அபூர்வம். விளக்கு மினுக்குவதுகூடக் கிடையாது. நான் கவனித்தது வேறொன்றை. அவர் கடையில் கணினிக்கு இணைய இணைப்பு கொடுக்கவில்லை. இங்கே இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

இணைய வயரைப் பிடுங்கிப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனை மாட்டி, மிச்சமிருந்த பேட்டிகள் முழுவதையும் கேட்டு எழுதினேன். கணினி நிற்கவே இல்லை. ஒரு முறைகூட!

ஆக, வெளியிலிருந்துதான் வருகிறார்கள். சந்தேகம் உறுதியானால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. என் கோப்புகளில் அந்த ஆய்வகப் பெண்ணின் பெயர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் மாற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இவருக்கு எண்பத்தேழு. உதடு லேசாக நீலம். டாக்டரம்மா தொலைபேசியில், ஆக்சிஜன் ஓட்டத்தை இரண்டு லிட்டரிலிருந்து மூன்றுக்கு ஏற்றச் சொன்னார். “நோய் அடுத்த கட்டத்துக்குப் போகுதோ என்னவோ. எதுக்கும் தயாரா இருங்க” என்றார்.

எதற்குத் தயாராக?

மார்ச் 11, புதன்

இணையம் இல்லை. வயர் தரையில் கிடக்கிறது, என் கண்ணெதிரே. நேற்றுக் கேட்டதையெல்லாம் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டது.

இணையம் வழியாக இல்லையென்றால்? அப்படியென்றால் வீட்டுக்குள். இந்த அறைக்குள். யாரோ வந்து கணினியில் கை வைத்திருக்கிறார்கள் என்றால், அதே ஆள் இந்த இயந்திரத்திலும் கை வைக்கலாமே? மெஷின் நல்லா ஓடுதா என்று கேட்டானே, பாவி. ஏன் கேட்டான்?

ஜன்னலைச் சாத்தினேன். வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டேன். இவர், “எதுக்கு இப்படிப் பூட்டிக்கிட்டு? காத்து வரட்டும்” என்றார். தூசி என்று பொய் சொன்னேன்.

தொண்ணூற்று இரண்டு. எண் நன்றாக இருக்கும் நாளில்கூட நம்ப முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று, நாத்தனாரிடம் ஒன்று. நாங்கள் இல்லாதபோது யாருக்காவது கொடுத்தாயா என்று அவளிடம் கேட்டேன். கேட்கிற தொனியில் கேட்கவில்லை போலிருக்கிறது.

“ஆமா அண்ணி. நான்தான் தினமும் மாடியேறி வந்து ஒயரைப் புடுங்கிட்டுப் போறேன். எனக்கு வேற பொழப்பே இல்ல பாருங்க.” சாவியை மேசைமேல் வைத்தாள். “ஊர்ல இருக்கிற திருடனையெல்லாம் எழுதி எழுதி, உங்களுக்கு வீட்ல இருக்கிறவங்களும் அப்படியே தெரியறோம்.”

இறங்கிப் போய்விட்டாள். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 14, சனி

அறையில் மீன் வாடை. எங்கிருந்து என்று தெரியவில்லை. நாங்கள் சமைக்கவில்லை. இவருக்குக் குழாய் மாட்டியதிலிருந்து எந்த வாசனையும் தெரிவதில்லை. கோபம் தணியாத முகத்தோடு தண்ணீர்க் கேன் வைக்க வந்த நாத்தனார், “தெருவுல எவ வீட்லயோ மீன். ஜன்னலைச் சாத்தி வச்சு வாடையையும் உள்ளேயே அடைச்சிட்டீங்க” என்றாள்.

கணினி இரண்டு தடவை நின்றது.

மார்ச் 16, திங்கள்

செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். என்னைவிட இளையவர். “வெள்ளிக்கிழமைக்கு இடம் ஒதுக்கிட்டேன் அக்கா. பயமா இருந்தா சொல்லுங்க, வேற ஆள்கிட்டக் கொடுத்துடறேன். உங்க சூழ்நிலை எனக்குப் புரியாம இல்ல” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்படி ஒரு பதிலை இந்த வேலையில் நான் சொன்னதே இல்லை. வைத்துவிட்டுத் திரும்பினால், இவர் விழித்திருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் அந்தத் தொலைபேசிக் குரலைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

இவர் இயந்திரத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு உட்காந்து முடிச்சிடு. உன் பெட்டி நிக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்றேன்ல.”

மார்ச் 17, செவ்வாய்

எப்படி எழுதுவது. எழுதத்தான் வேண்டும்.

காலையில் உட்கார்ந்தேன். மேற்கோள்களைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தேன். ஒவ்வொரு வரியையும் பதிவோடு ஒப்பிட்டு, அடுத்ததற்குப் போனேன். கணினி ஓடியது. சொன்னது பலித்துவிட்டதே என்றுகூட நினைத்தேன். மதியம் கடைசிப் பதிவும் முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. கடைசி வாக்கியத்தை எப்படி வைப்பது என்று யோசித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். காதில் ஒன்றும் ஓடவில்லை.

ஒன்றுமே ஓடவில்லை.

ஹெட்ஃபோன் போட்டிருந்தாலும், பதிவு ஓடாதபோது இயந்திரத்தின் ‘டக்’ லேசாகக் கேட்கும். கேட்க வேண்டும். கேட்கவில்லை.

திரும்பினேன். குழாய் மூக்கில்தான் இருந்தது. இயந்திரத்தின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. வந்துட்டாங்க, யாரோ உள்ளே வந்துட்டாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், வந்துட்டாங்க — அதுதான் முதலில் தோன்றியது. கதவைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். கைத்தடி. அதன் நுனி கட்டிலுக்கு வெளியே, இயந்திரத்தின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றக் கை தூக்கும்போதெல்லாம் தடியால் தட்டி ஓட விட்டுவிடுவாராம். இன்று தூக்க அவருக்குப் பலம் இல்லை.

எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு!

சுவிட்சைத் தட்டினேன். முதுகில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நாத்தனாரை மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டேன். சாவியை நான்தான் பிடுங்கி வைத்திருக்கிறேனே, கதவைத் திறக்க ஓடினேன். எண்பது. எண்பத்திரண்டு. கண் திறந்தார்.

“என்னங்க பண்ணிட்டீங்க? பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு? செத்துப் போயிருப்பீங்களேங்க!”

“முடிஞ்சுதா?” என்றார். கட்டுரையைக் கேட்கிறார்.

அப்போதுதான் கணினியின் திரை கறுத்தது.

மார்ச் 18, புதன்

மருத்துவமனை. பெரிய உருளையிலிருந்து ஆக்சிஜன். தொண்ணூறு. நோய் முற்றவில்லை, மூச்சு கிடைக்காமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னார். ‘அவ்வளவுதான்’ என்பது இத்தனை நல்ல வார்த்தை என்று எனக்குத் தெரியாது.

இவர் வாக்கியத்துக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“உன் பெட்டி படுக்கறதுக்கு முன்னாடி என் மெஷின் ஒரு தடவை விக்கும். ஒவ்வொரு தடவையும். அச்சுக்கூடத்துல, ஒரே லைன்ல ரெண்டு மெஷின் இழுத்தா, ஒண்ணு மண்டையப் போடும். காதுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னதை நிறுத்திப் பார்த்தேன். உன்னது ஓடுச்சு.”

“அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?”

“சொன்னா நீ மேசையைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிடுவே.”

நாத்தனார் எழுந்து வெளியே போய்விட்டாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற மனிதருக்கு, முதுகையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஆசை. அந்த முதுகுக்காக மூச்சை விட்டுக்கொடுத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ‘யார், யார்’ என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். யார் என்று கேட்டே பழகிப்போனவளுக்கு எது என்று கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 19, வியாழன்

எலக்ட்ரீஷியன் வந்தார். நாத்தனாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பீரோவை நகர்த்தினோம்.

இரண்டு வயர்களும் ஒரே பிளக் போர்டில். வெள்ளையாக இருந்த போர்டு பழுப்பேறி, ஒரு மூலை உருகி வழிந்து உறைந்திருந்தது. அதன் மேலே சுவரில் நாக்கு நீட்டினதுபோல் ஒரு கறுப்பு. பீரோவின் பின்பக்க வண்ணம் கொப்பளித்திருந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நான்தான் பழைய செய்தித்தாள் கட்டுகளைச் செருகி வைத்திருந்தேன். விளிம்புகள் சாயத்தில் தோய்த்தாற்போல் சிவந்திருந்தன.

உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து அதே வாடை. மீன்.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு வந்து போர்டைக் கழற்றினார். உள்ளே திருகு தளர்ந்து, கம்பியின் உறை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. “தளர்ந்த இடம் சூடாகும்மா. சூடாக ஆக இன்னும் தளரும். அப்பப்ப தொடர்பு விட்டு விட்டு ஒட்டும். மோட்டார் சமாளிச்சுக்கும். கம்ப்யூட்டர் சமாளிக்காது.” பேசிக்கொண்டே போனவர் கட்டிலைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். “இதுல ஆக்சிஜன் மெஷினா ஓடுச்சு? இந்த ரூம்லயா?”

செய்தித்தாள் கட்டுகளைத் தானே தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போய், எதற்கு வந்தேன் என்று மறந்து சமையலறையில் நின்றேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கொக்கி, இடுப்பில் பென் டிரைவ். எல்லாம் பூட்டி, நெருப்பை உள்ளே வைத்துக்கொண்டு காவல் காத்திருக்கிறேன். இந்த வீட்டில் ஒழுங்காக எச்சரித்தது அந்தக் கணினி ஒன்றுதான். அதற்குத்தான் நான் மருத்துவம் பார்த்தேன்.



மார்ச் 21, சனி

கட்டுரையை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து கையால் எழுதி முடித்தேன். இடத்தை அடுத்த வெள்ளிக்கு மாற்றித் தந்தார் செய்தி ஆசிரியர். நிறுவனத்தின் விளக்கமும் எழுத்தில் வந்திருந்தது. கீழே இருந்த நிர்வாகியின் பெயரை இவரிடம் படித்துக் காட்டினேன்.

“அட, இவனா! அச்சுக்கூடத்துல என்கூட மெஷின்ல நின்னவன். தாள் ஏத்தத் தெரியாம விரலை நசுக்கிக்கிட்டு அழுதவன். என் மெஷினைப் பத்திப் பழைய ஆளுங்க யாராவது சொல்லியிருப்பாங்க.”

“அப்ப நிஜமாவே உங்க உடம்பைத்தான் விசாரிச்சானா? இல்ல மிரட்டினானா?”

“ரெண்டும்தான் இருக்கும்.”

நாத்தனாருக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். “மறுபடி ஒயரைப் புடுங்க வரலாமா அண்ணி?” என்றாள். கேட்டுவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

கட்டுரை வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. புதிதாக மாதிரி எடுக்க உத்தரவாகியிருக்கிறது. அந்தக் குரல் மறுபடி கூப்பிடவில்லை. தொலைபேசி மணி அடித்தால் எனக்கு இன்னும் ஒரு கணம் மூச்சு நிற்கிறது.

ஆக்சிஜன் இயந்திரத்துக்குத் தனி லைன், தனி போர்டு. பீரோ ஹாலுக்குப் போய்விட்டது. மேசையை எங்கே போடுவது என்று எலக்ட்ரீஷியன் கேட்டபோது, இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “இங்கேயே, ஆனா வேற பக்கமா” என்றேன். இப்போது நான் உட்கார்ந்தால் திரைக்கு மேலே அவர் முகம் தெரிகிறது.

ஹெட்ஃபோனை அலமாரியில் வைத்துவிட்டேன். பேட்டிகளை ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன். இன்று ஓர் அதிகாரி மழுப்புவதைக் கேட்டு இவர், “பொய் சொல்றான், மூச்சு மாறுது பாரு” என்றார். மூச்சைப் பற்றி அவருக்குத் தெரியாததா? குறித்துக்கொண்டேன்.

மாலை அவர் அசந்து தூங்கிவிட்டார். ரொம்ப நாளுக்கு அப்புறம் கணினியை முறைப்படி நானே அணைத்தேன். திரை கறுத்தது. விசிறி ஓய்ந்தது. அசையாமல் உட்கார்ந்து, காதைக் கொடுத்தேன்.

புஸ்.

டக்.